எல்லாமே மேட் பேக்கரா? ஒரு காதல் காமிக்ஸ் நன்கொடையைப் பட்டியலிட்டபோது நடந்தவை

சில ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் சிறப்புச் சேகரிப்புப் பிரிவுக்கு 1940களின் இறுதியிலும் 1950களிலும் வெளியான காதல் காமிக்ஸ் இதழ்கள் சில பெட்டிகள் நன்கொடையாக வந்தன. கூடவே வந்த மதிப்பீட்டு அறிக்கை, அவற்றில் பெரும்பகுதியை மேட் பேக்கர் என்ற ஓவியரின் கணக்கில் எழுதியிருந்தது. அதில் எவ்வளவு சரி, எவ்வளவு ஆசை என்று பிரித்துப் பார்க்க வேண்டிய வேலை எங்கள் பட்டியல் குழுவுக்கு வந்தது. பழைய காமிக்ஸ், இதழ் ஓவியங்கள், கையெழுத்தில்லாத படைப்புகள் இவற்றோடு வேலை செய்பவர்களுக்கு உதவும் என்று இதைப் பதிவு செய்கிறேன். நூலகத்தையும் குடும்பத்தையும் அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டேன்.

பின்னணி

அமெரிக்காவில் காதல் காமிக்ஸ் என்ற வகைக்கு வழி திறந்தவர்கள் ஜோ சைமனும் ஜாக் கிர்பியும். கேப்டன் அமெரிக்காவை உருவாக்கிய அதே ஜோடி. அவர்களுடைய 'யங் ரொமான்ஸ்' முதல் இதழ் 1947 செப்டம்பர்-அக்டோபர் தேதியிட்டு வந்தது. போர் முடிந்து சூப்பர் ஹீரோக்களின் மவுசு குறைந்துகொண்டிருந்த நேரம். புது இதழ் நன்றாக விற்றதைப் பார்த்ததும் மற்ற பதிப்பாளர்களும் வரிசையாக இறங்கினார்கள். 1950 வாக்கில் நூற்றுக்கும் மேற்பட்ட காதல் தலைப்புகள் கடைகளில் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. விலை 10 சென்ட். பெரும்பாலும் ஒரு இளம்பெண் தன் கதையைத் தானே ஒப்புக்கொண்டு சொல்வது போல இருக்கும். எழுதியவர்களும் வரைந்தவர்களும் அநேகமாக ஆண்கள்.

யார் வரைந்தது என்று அந்த இதழ்களில் பெரும்பாலும் போட்டிருக்காது. பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. ஒருவர் பென்சிலில் வரைவார், இன்னொருவர் மை போடுவார், எழுத்துகளை மூன்றாமவர் எழுதுவார். முடிந்ததும் பக்கம் பதிப்பாளருக்குச் சொந்தம். காதல் காமிக்ஸில் இன்னொரு காரணமும் இருந்திருக்கும் என்பது என் கணிப்பு. 'இது என் வாழ்க்கையில் நடந்தது' என்று ஒரு பெண் சொல்லும் பக்கத்தின் மூலையில் ஒரு ஆணின் கையெழுத்து இருந்தால் அந்தப் பாவனை கலைந்துவிடும்.

கிளாரன்ஸ் மேத்யூ பேக்கர் 1921 டிசம்பர் 10 அன்று வட கரோலினாவில் பிறந்தவர். வளர்ந்தது பிட்ஸ்பர்க்கில். சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சல் அவருடைய இதயத்தைப் பலவீனமாக்கிவிட்டது. நியூயார்க் வந்து கூப்பர் யூனியனில் படித்தார், அப்புறம் ஜெர்ரி ஐகரின் பட்டறையில் சேர்ந்தார். பல பதிப்பாளர்களுக்கு முழு இதழ்களைத் தயாரித்துக் கொடுத்த இடம் அது. அந்தக் காலத்தில் காமிக்ஸ் துறையில் வெற்றி பெற்ற மிகச் சில கறுப்பின ஓவியர்களில் பேக்கர் ஒருவர். காமிக்ஸை எதிர்த்து மனநல மருத்துவர் ஃபிரெட்ரிக் வெர்தம் 1954இல் வெளியிட்ட புத்தகத்தில் கெட்ட உதாரணமாகக் காட்டப்பட்ட 'பேண்டம் லேடி' 17ஆம் இதழின் அட்டை அவர் வரைந்தது. பொதுவாக அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்த அட்டையோடு நிறுத்திக்கொள்வார்கள். அவருடைய சிறந்த வேலை வேறு இடத்தில் இருக்கிறது.

அந்த இடம் செயின்ட் ஜான் என்ற பதிப்பகம். 'டீன்-ஏஜ் ரொமான்சஸ்', 'பிக்டோரியல் ரொமான்சஸ்', 'வார்டைம் ரொமான்சஸ்', 'டைரி சீக்ரெட்ஸ்', 'சிண்ட்ரெல்லா லவ்' என்று அவர்கள் வெளியிட்ட காதல் இதழ்களின் முகமே பேக்கர்தான். 1950இல் அதே பதிப்பகம் 25 சென்ட் விலையில் 'இட் ரைம்ஸ் வித் லஸ்ட்' என்ற படநாவலை வெளியிட்டது. முழுநீளச் சித்திர நாவலுக்கான தொடக்கக்கால முயற்சிகளில் அதுவும் ஒன்று. பென்சில் பேக்கர், மை ரே ஆஸ்ரின். 1954இல் பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே விதித்துக்கொண்ட காமிக்ஸ் நெறிமுறை வந்தது, சந்தை சுருங்கியது, செயின்ட் ஜான் 1958இல் காமிக்ஸை நிறுத்தியது. கடைசி ஆண்டுகளில் பேக்கர், வின்ஸ் கொலெட்டா என்ற ஓவியரின் பெயரில் போன காதல் கதைகளுக்குப் பின்னால் இருந்து பென்சில் போட்டுக்கொடுத்தார். 1959 ஆகஸ்ட் 11 அன்று மாரடைப்பில் இறந்தார். வயது 37.

அதன் பிறகு அவரை நினைவில் வைத்திருந்தவர்கள் சேகரிப்பாளர்கள் சிலர்தான். 2009இல் காமிக்ஸ் துறையின் ஐஸ்னர் விருதுகளின் புகழ் மன்றத்தில் சேர்க்கப்பட்டார், 2012இல் அவரைப் பற்றித் தனிப் புத்தகம் வந்தது, அட்டைகளின் விலை ஏறியது. எங்கள் நூலகத்துக்கு வந்த சிக்கல் அந்த விலையேற்றத்தில் தொடங்கியது.

பெட்டிகள் வந்த விதம்

இதழ்களை வாங்கியவர் ஒரு பெண். பதின்வயதில் ஊரில் இருந்த மருந்துக்கடையில் வாங்கிப் படித்து, தூக்கிப் போடாமல் வைத்திருந்திருக்கிறார். அவர் இறந்த பிறகு வீட்டை ஒழித்த மகள், இவற்றை நூலகத்துக்குக் கொடுக்கலாம் என்று முடிவு செய்தார்.

அமெரிக்க வரிச் சட்டப்படி, 5,000 டாலருக்கு மேல் மதிப்புள்ள இப்படிப்பட்ட பொருளை நன்கொடையாகக் கொடுத்து வரிக்கழிவு கேட்டால் தகுதியுள்ள மதிப்பீட்டாளரின் அறிக்கை வேண்டும். பெற்றுக்கொள்ளும் நிறுவனமே மதிப்பிட முடியாது. அதனால் மகள் ஒரு காமிக்ஸ் வியாபாரியின் ஆலோசனையைக் கேட்டார். அவர் இரண்டு காரியம் செய்தார். விலை போகும் என்று தோன்றிய இதழ்களை, நிலையைப் பார்த்துப் புள்ளி போடும் தரநிர்ணயத்துக்கு அனுப்பி, கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள் மூடி முத்திரையிட்டு வாங்கினார். சேகரிப்பாளர்கள் இதை 'ஸ்லாப்' என்பார்கள். மீதி இதழ்களுக்கு அவர் தயாரித்த பட்டியலில், கிட்டத்தட்ட ஒவ்வொரு செயின்ட் ஜான் இதழுக்கு நேராகவும் 'அட்டையும் உள்ளோவியமும் பேக்கர்' என்று எழுதியிருந்தார். மதிப்பீட்டு அறிக்கை அந்தப் பட்டியலை வைத்து எழுதப்பட்டது.

வியாபாரியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. விற்பனைச் சந்தையில் அது சாதாரண வழக்கம்: அட்டை பேக்கர் என்றால் இதழே பேக்கர். நூலகப் பட்டியல் அப்படி இருக்க முடியாது. அதில் எழுதும் பெயரை நாளை ஒரு மாணவர் ஆதாரமாக எடுத்துக்கொள்வார். இன்னொரு நூலகம் நகலெடுக்கும். கொஞ்ச நாளில் எங்கே தொடங்கியது என்றே தெரியாமல் அது உண்மையாகிவிடும்.

கவனித்தவை

முதலில் உறை போடாத இதழ்களை எடுத்தோம். குழுவில் மூன்று பேர்: பிரிவின் தலைமை நூலகர், நான், பல ஆண்டுகளாக இந்த இதழ்களைச் சேகரித்துவந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். ஆசிரியர் தன்னார்வமாக வந்தவர். கையெழுத்தில்லாத பக்கத்தைப் பார்த்தால் முதலில் காதையும் விரலையும் பார்க்க வேண்டும் என்பது அவர் பாடம். 19ஆம் நூற்றாண்டில் இத்தாலியரான ஜொவான்னி மொரெல்லி பழைய எண்ணெய் ஓவியங்களுக்குச் சொன்ன வழி இது. முகத்தை எல்லோரும் கவனமாக வரைவார்கள், இன்னொருவரைப் பார்த்துப் போலவும் வரைவார்கள். காது, நகம், துணி மடிப்பு போன்றவற்றைக் கை தன் பழக்கத்தில் போட்டுவிடும்.

ஒப்பிட ஒரு நிச்சயமான அடிப்படை வேண்டும். அதற்கு 'இட் ரைம்ஸ் வித் லஸ்ட்' படநாவலை எடுத்துக்கொண்டோம். அதில் பென்சில் யார், மை யார் என்று சந்தேகம் இல்லை. அதில் உள்ள நிற்கும் உருவங்கள், ஒரு காலில் எடையைச் சாய்த்து இடுப்பை ஒதுக்கி நிற்கும் விதம், கையுறை போட்ட விரல்கள், ஆண்களின் கோட்டுத் தோள், தலைமுடியில் ஒளி விழும் இடத்தை வெறுமையாக விடும் முறை எல்லாவற்றையும் குறித்துக்கொண்டோம். பேக்கரின் பெண்கள் அழும்போதுகூட முதுகு வளையாது. இது ஆசிரியர் சொன்னது. பக்கம் பக்கமாகப் பார்த்தபோது பெரும்பாலும் சரியாகவே இருந்தது. ஆனால் இதை ஆதாரமாக எழுத முடியாது, வழிகாட்டியாக வைத்துக்கொள்ளலாம்.

அட்டைகளில் சிக்கல் அதிகம் இல்லை. செயின்ட் ஜான் அட்டைகளில் பெரும்பாலானவை பேக்கர்தான் என்பதில் ஆய்வாளர்களுக்குள் பொதுவாக உடன்பாடு இருக்கிறது, நாங்கள் பார்த்ததும் அதற்குப் பொருந்தியது. உள்ளே போனதும்தான் பட்டியல் ஆட்டம் கண்டது.

ஒரு இதழில் மூன்று நான்கு கதைகள் இருக்கும். இரண்டு பக்கம் வெறும் எழுத்துக் கதை இருக்கும். அஞ்சல் துறையின் சலுகைக் கட்டணம் வேண்டுமென்றால் எழுத்துப் பக்கம் இருக்க வேண்டும் என்ற விதியால் வந்தது அது, பெரும்பாலான பிள்ளைகள் படித்திருக்க மாட்டார்கள். படக்கதைகளில் முதல் கதை பேக்கரின் கை என்று தெளிவாகத் தெரியும். அடுத்தது முற்றிலும் வேறு ஆள். மூன்றாவது, முகங்கள் மட்டும் பேக்கர் போலவும் உடலும் அறையும் வேறு போலவும் இருக்கும். இந்த மூன்றாவது வகைதான் எங்களை அதிகம் அலைக்கழித்தது. பேக்கர் பென்சில் போட்டு வேறொருவர் கனமான மை பூசியதா? வேறொருவர் வரைந்த பிறகு முகங்களை மட்டும் பேக்கர் திருத்தியதா? பதிப்பகத்தின் முதன்மை ஓவியரைப் பார்த்து இன்னொருவர் வரைந்ததா? மூன்றுக்கும் வாய்ப்பு உண்டு.

மை போடுபவர் எவ்வளவு மாற்றிவிடுவார் என்பதற்கு இந்தச் சேகரிப்பிலேயே நல்ல உதாரணம் இருந்தது. 1950களின் பிற்பகுதியில் வேறு பதிப்பகம் வெளியிட்ட சில இதழ்களில் கொலெட்டாவின் மெல்லிய கீறல் மை தெரிந்தது. அதற்கு அடியில் பேக்கரின் நிலைகள் இருப்பது போலத் தோன்றிய பக்கங்களும் இருந்தன. ஆனால் மேற்பரப்பில் தெரிவது முழுக்க கொலெட்டா. வியாபாரியின் பட்டியல் இந்த இதழ்களைக் கண்டுகொள்ளவே இல்லை. ஆக அதே பட்டியல் ஒரு பக்கம் பேக்கருக்கு இல்லாததைக் கொடுத்தது, இன்னொரு பக்கம் அவருக்குச் சேர வேண்டியதாக இருக்கக்கூடியதைத் தவறவிட்டது.

வேறொரு கையும் திரும்பத் திரும்ப வந்தது. சிறிய வாய், கொஞ்சம் நீண்ட கழுத்து, நாற்காலி மேசையை அக்கறையாக வரையும் பழக்கம். வெவ்வேறு தலைப்புகளில் பல கதைகள். கைவசம் இருந்த எந்த அடிப்படையோடும் பொருந்தவில்லை. பெயர் தெரியாததால் எங்கள் குறிப்புகளில் 'இரண்டாம் கை' என்று எழுதினோம். வியாபாரியின் பட்டியலில் இந்தக் கதைகளும் பேக்கர்தான்.

பிறகு இதழ்களின் நிலை. அம்மா தன் பெயரைப் பல அட்டைகளின் மூலையில் பென்சிலால் எழுதியிருந்தார். சில இதழ்களில் 'உங்கள் காதலர் உண்மையானவரா' என்ற மாதிரியான கேள்விப் பக்கங்களுக்கு விடை போட்டு, மதிப்பெண் கூட்டியிருந்தார். ஒரு இடத்தில் விடையை அடித்துவிட்டு மாற்றியிருந்தார். ஆலோசனைப் பகுதிகளில் அடிக்கோடுகள் இருந்தன. தரநிர்ணயத்தில் இவை எல்லாம் குறைகள், ஒவ்வொன்றும் புள்ளியைக் குறைக்கும். எங்களுக்கு, 1950களில் ஒரு சிறுநகரப் பெண் இவற்றை எப்படிப் படித்தாள் என்பதற்கு நேரடிச் சான்று. காதல் காமிக்ஸ் ஓவியர்கள் மறக்கப்பட்டதைப் பற்றி இப்போது நிறையப் பேசுகிறோம். படித்தவர்களைப் பற்றிப் பேச ஆளே இல்லை. அவர்கள் எழுதி வைத்தது இப்படி ஓரங்களில்தான் கிடைக்கும்.

ஒரே படம் இரண்டு தேதிகளில் வந்திருந்ததையும் பார்த்தோம். செயின்ட் ஜான் தன் கதைகளையும் அட்டைகளையும் அடிக்கடி மறுபடி பயன்படுத்தும். நெறிமுறைக் குழுவின் முத்திரையோடு பின்னால் வந்த பிரதியில் கதாநாயகியின் கழுத்துப் பகுதியில் கூடுதலாகத் துணி வரைந்து மூடியிருந்தார்கள். அந்தக் கூடுதல் கோடுகள் பேக்கருடையவை அல்ல என்று கொஞ்சம் உற்றுப் பார்த்தாலே தெரியும். காதல் கதைகள் இல்லறத்தின் மதிப்பையும் திருமணத்தின் புனிதத்தையும் வலியுறுத்த வேண்டும் என்று 1954 நெறிமுறை எழுதியே வைத்திருந்தது. கதையின் கடைசிக் கட்டத்து வசனமும் அதற்கு ஏற்ப மாறியிருந்தது.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு பெயர்களை எப்படி எழுதுவது என்பது. ஒரே 'ஓவியர்' என்ற இடத்துக்குப் பதில் அட்டை, பென்சில், மை, எழுத்தாளர் என்று நான்கு இடங்களைப் பிரித்தோம், அதுவும் கதைக்குக் கதை. ஒவ்வொன்றிலும் மூன்று நிலைகள்: அச்சிட்ட பெயரோ கையெழுத்தோ இருந்தால் 'உறுதி', வெளியே ஆய்வாளர்கள் ஒப்புக்கொண்டு நாங்களும் பார்த்து ஒத்துப்போனால் 'ஏற்கப்பட்டது', நாங்கள் மட்டும் நினைத்தால் பெயருக்குப் பின் கேள்விக்குறி. காமிக்ஸ் தரவுத்தளங்களில் கேள்விக்குறி போடும் பழக்கம் ஏற்கெனவே உண்டு, அதைத்தான் எடுத்துக்கொண்டோம். யார் சொன்னது, எப்போது சொன்னது என்பதையும் குறிப்பில் சேர்த்தோம். வியாபாரி கொடுத்த பெயரை அழிக்கவில்லை. 'மதிப்பீட்டுப் பட்டியலின்படி' என்று அதையும் ஒரு கருத்தாக வைத்தோம். அழித்தால், அடுத்து வருபவர் அதே கேள்வியை முதலில் இருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

எழுத்தாளர் இடத்தைத் தனியாகப் பிரித்ததற்குக் காரணம் டேனா டட்ச். செயின்ட் ஜான் காதல் கதைகளில் பலவற்றை எழுதியவர் இவர். பெயர் எங்கேயும் அச்சாகவில்லை. ஆய்வாளர் ஜான் பென்சன் 2003இல் வெளியிட்ட தொகுப்புதான் டட்சைப் பரவலாக அறியவைத்தது. இந்தக் கதைகளின் நாயகிகள் தப்பு செய்வார்கள், யோசிப்பார்கள், வீட்டுக்குத் திரும்பிப் போய் அடுத்த நாளைத் தொடங்குவார்கள். மற்ற பதிப்பகக் கதைகளைப் போலக் கண்ணீரிலும் தண்டனையிலும் போய் விழ மாட்டார்கள். பேக்கரின் பெண்கள் நிமிர்ந்து நிற்பது பேக்கரின் கையால் மட்டும் வந்ததல்ல. எழுத்து அப்படி. ஓவியரை மட்டும் கொண்டாடும் பட்டியலில் இது தெரியாமலே போகும்.

இரண்டாவது முடிவு ஸ்லாப்கள். முத்திரையிட்ட உறைக்குள் இருக்கும் இதழின் உள்பக்கத்தைப் பார்க்க முடியாது. உடைத்தால் தரச்சான்று போய்விடும். தலைமை நூலகர் உடனே உடைக்க விரும்பவில்லை. நன்கொடை கொடுத்து ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், குடும்பம் பணம் கட்டிப் போட்ட உறையை உடைப்பது மரியாதையாக இருக்காது என்றார். நான் உடைக்கலாம் என்ற பக்கம் இருந்தேன். படிக்க முடியாத இதழ் நூலகத்தில் எதற்கு என்பது என் கேள்வி. இடையில் ஒரு வழி கிடைத்தது. 1964க்கு முன் வெளியானவற்றுக்கு 28ஆம் ஆண்டில் பதிப்புரிமையைப் புதுப்பித்திருக்க வேண்டும். செயின்ட் ஜான் இதழ்களில் பெரும்பாலானவற்றுக்கு யாரும் புதுப்பிக்கவில்லை. அதனால் அவற்றின் ஸ்கேன்கள் பொதுவில் இலவசமாகக் கிடைக்கின்றன. சாதாரண இதழ்களுக்கு அந்த ஸ்கேன்களை வைத்து உள்பக்கங்களைப் பட்டியலிட்டு, 'வேறு பிரதியின் அடிப்படையில்' என்று குறித்தோம்.

ஒன்றுக்கு மட்டும் இது போதவில்லை. அது 25 சென்ட் விலையுள்ள தடித்த தொகுப்பு. விற்காமல் திரும்பிய இதழ்களின் அட்டையைக் கிழித்து, நான்கைந்தைச் சேர்த்துக் கட்டி, புது அட்டை போட்டு விற்பார்கள். மிஞ்சியதைக் கட்டுவதால், இப்படிப்பட்ட தொகுப்புகளில் ஒரு பிரதிக்குள் இருப்பதே இன்னொன்றிலும் இருக்கும் என்று நம்ப முடியாது. வேறு பிரதியின் ஸ்கேன் இதற்குச் சான்றாகாது. மகளிடம் எழுத்தில் அனுமதி வாங்கி அந்த ஒரு உறையை மட்டும் திறந்தோம். சட்டப்படி அனுமதி தேவையில்லை, பொருள் நூலகத்துடையதாகிவிட்டது. ஆனாலும் கேட்டது நல்லது என்றே இப்போதும் நினைக்கிறேன்.

மூன்றாவது, குடும்பத்துக்கு எப்போது சொல்வது என்பது. பட்டியல் வெளியான பிறகு அவர்கள் பார்த்துத் தெரிந்துகொள்வதை நாங்கள் விரும்பவில்லை. மதிப்பைப் பற்றி நூலகம் எதுவும் சொல்ல முடியாது, சொல்லக் கூடாது. அதனால் கடிதத்தில் விலை என்ற சொல்லே வராமல், எந்தெந்தக் கதைகளுக்கு எந்தப் பெயரை, எந்த உறுதியோடு எழுதப் போகிறோம் என்பதை மட்டும் முன்கூட்டியே அனுப்பினோம்.

நான்காவது கண்காட்சி வாசகம். பல்கலைக்கழகத்தின் விளம்பரப் பிரிவு 'முதல் கறுப்பினக் காமிக்ஸ் ஓவியர்' என்று போட விரும்பியது. அவருக்கு முன்பே இந்தத் துறையில் கறுப்பின ஓவியர்கள் வேலை செய்திருக்கிறார்கள். 'தொடக்கக் காலத்தில் வெற்றி கண்ட கறுப்பின ஓவியர்களில் ஒருவர்' என்று திருத்தினோம். கூடவே அந்தக் காலத்து வாசகருக்கு இதைத் தெரிந்துகொள்ள வழியே இல்லை என்ற வரியையும் சேர்த்தோம். அவர் வரைந்த காதலர்கள் அநேகமாக எல்லோரும் வெள்ளையர்கள். கறுப்பின வாசகர்களுக்கென்று ஃபாசெட் நிறுவனம் 1950இல் கொண்டுவந்த 'நீக்ரோ ரொமான்ஸ்' மூன்று இதழ்களோடு நின்றது. கண்ணாடிப் பேழைக்குள் வைத்த பக்கங்களைப் பார்ப்பவர் இந்த முரணைக் கவனிக்காமல் போகக் கூடாது என்பது தலைமை நூலகரின் பிடிவாதம். விளம்பரப் பிரிவுக்கு வாசகம் நீளம் என்று வருத்தம்.

பின்பு நடந்தது

கடிதம் கிடைத்ததும் மகள் கோபப்பட்டார். அம்மாவின் பொருளை நாங்கள் மட்டம் தட்டுகிறோம் என்று அவருக்குத் தோன்றியது. நேரில் வந்தபோது, பெயர்களின் பட்டியலை விட்டுவிட்டு, அம்மா விடை எழுதிய கேள்விப் பக்கங்களைத் தலைமை நூலகர் முதலில் எடுத்துக் காட்டினார். மகள் அதுவரை அந்தப் பக்கங்களைப் பார்த்ததே இல்லை. வியாபாரி அட்டைகளின் படங்களை மட்டும்தான் அனுப்பியிருந்தாராம். அதன் பிறகு பேச்சு வேறு மாதிரி போனது. அம்மா எந்தக் கடையில் வாங்கினார், யாரோடு மாற்றிக்கொண்டார், அப்பாவுக்குத் தெரியாமல் எங்கே ஒளித்து வைத்தார் என்று கேட்டுத் தெரிந்தவற்றை அவர் அன்றே எழுதிக்கொடுத்தார். அது இப்போது சேகரிப்பின் கோப்பில் இருக்கிறது. வரி விஷயத்தை அவர் தன் மதிப்பீட்டாளரோடு பேசிக்கொண்டார். எங்களிடம் அதைப் பற்றிச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

திறந்த தொகுப்புக்குள் பேக்கர் கதைகள் இருந்தன. 'இரண்டாம் கை'யின் கதையும் இருந்தது. உறையின் மேல் ஒட்டிய சீட்டு இரண்டாமவரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, உள்ளோவியம் பேக்கர் என்று மட்டும் இருந்தது.

பட்டியல் வெளியானதும் வெளியில் இருந்து திருத்தங்கள் வரத் தொடங்கின. நாங்கள் கேள்விக்குறியோடு பேக்கருக்குக் கொடுத்த ஒரு கதை வேறு ஓவியருடையது என்று ஒரு சேகரிப்பாளர் படங்களோடு எழுதினார். ஒப்பிட்டுப் பார்த்தோம், காதும் கைவிரலும் அவர் சொன்னதோடு பொருந்தின, மாற்றினோம். கேள்விக்குறி இருந்ததால்தான் எழுதினேன், உறுதி என்று போட்டிருந்தால் எதற்கு வம்பு என்று விட்டிருப்பேன் என்றார். கொலெட்டா பக்கங்களில் ஒன்றைப் பற்றி இரண்டு பேர் நேரெதிர்க் கருத்து அனுப்பினார்கள். இரண்டையும் குறிப்பில் சேர்த்தோம்.

கண்காட்சியில் கூட்டம் சேர்ந்த இடம் பேக்கரின் அட்டைகளுக்கு முன்னால் இல்லை. நெறிமுறைக்கு முன்னும் பின்னும் வந்த அந்த ஒரே படத்தை அருகருகே வைத்திருந்தோம். அங்கேதான் மாணவர்கள் நின்று, துணி எங்கே தொடங்குகிறது என்று விரலால் காட்டிப் பேசிக்கொண்டார்கள். ஓவியரின் கோட்டையும் திருத்தியவரின் கோட்டையும் வேறுபடுத்திப் பார்க்க வாசகம் எதுவும் தேவைப்படவில்லை.

ஆசிரியருக்கும் எங்களுக்கும் ஒரு கருத்து வேறுபாடு கடைசி வரை தீரவில்லை. முகங்கள் மட்டும் பேக்கர் போல இருந்த கதைகளுக்கு 'பேக்கர் பட்டறை' என்று எழுதலாம் என்பது அவர் எண்ணம். செயின்ட் ஜானில் பேக்கருக்கென்று அப்படி ஒரு பட்டறை இருந்ததாக ஆவணம் இல்லாமல் அந்தச் சொல்லைப் போட நாங்கள் தயங்கினோம். 'பென்சில்: அடையாளம் தெரியவில்லை, முகங்களில் பேக்கரின் கை இருக்கலாம்' என்று நீளமாகவே எழுதினோம். படிக்க அழகாக இல்லைதான்.

அடுத்த முறை மாற்றுபவை

நன்கொடைப் பேச்சு தொடங்கும்போதே, எதையும் உறை போடுவதற்கு முன் உள்பக்கங்களைப் படமெடுக்க அனுமதி கேட்க வேண்டும் என்று நூலகத்தின் ஏற்புக் கடிதத்தில் ஒரு வரி சேர்த்தாயிற்று. குடும்பம் வியாபாரியிடம் போவதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. ஆனால் தரநிர்ணயம் நூலகத்துக்குத் தேவையில்லை என்று முன்பே தெரிந்தால் பலர் அந்தச் செலவைச் செய்யவே மாட்டார்கள்.

வாசகரின் குறிப்புகளைத் தனி இடத்தில் பதிய வேண்டும். இந்த முறை அவை 'இதழின் நிலை' என்ற தலைப்பின் கீழே, கிழிசல், கறையோடு சேர்ந்து போய்விட்டன. பென்சில் பெயரும் அடிக்கோடும் கறையோடு நிற்க வேண்டியவை அல்ல. இந்தச் சேகரிப்புக்கு அதைப் பின்னால் பிரித்து எழுதும் வேலை இன்னும் நடக்கிறது.

மை போடுபவரை முதலில் பார்த்துவிட்டுப் பென்சிலுக்குப் போவது நல்லது என்று இப்போது நினைக்கிறேன். நாங்கள் மறுதிசையில் போனோம். பேக்கர் இருக்கிறாரா இல்லையா என்ற கேள்வியோடு தொடங்கினால் கண் அவரையே தேடும். மேலே தெரியும் மையைப் பிரித்து வைத்துவிட்டால் அடியில் இருப்பதைப் பற்றிப் பேசக் கொஞ்சம் நிதானம் வரும். ஆசிரியர் இதை ஒப்புக்கொள்ளவில்லை. அவருக்குப் பென்சில்தான் முதலில் தெரியுமாம், அது பயிற்சி பெற்ற கண்ணுக்குச் சரியாக இருக்கலாம்.

'இரண்டாம் கை'யின் பக்கங்களை ஒரே கோப்பில் சேர்த்து, ஸ்கேனோடு எல்லோரும் பார்க்கும்படி பட்டியலில் இணைத்திருக்கிறோம். மூன்று பெயர்கள் பரிந்துரையாக வந்துள்ளன. ஒன்றுக்காவது கையெழுத்துள்ள பக்கம் கிடைத்து ஒப்பிட்டுப் பார்க்கும் வரை, பென்சில் என்ற இடத்தில் 'அடையாளம் தெரியவில்லை' என்றே இருக்கும்.